ககனச்சுக்கியில் இருந்து கோலாருக்கு ஒரு கம்பி

போன ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை காலை, நாலு பேர் ஒரு காரில் பெங்களூரில் இருந்து சிவசமுத்திரம் அருவிக்குக் கிளம்பினோம். கன்னடத்தில் சிவனசமுத்திரா. கனகபுரா சாலையில் போய் மளவள்ளி வழியாகப் போனால் ஏறக்குறைய 130 கிலோமீட்டர். எங்கள் குழுவில் அருவி பார்க்கப் போவது வருஷத்துக்கு ஒருமுறை நடக்கும் சடங்கு. ஹொகேனக்கல், ஜோக், அதிரப்பள்ளி எல்லாம் முடிந்துவிட்டது. பக்கத்திலேயே இருக்கும் இதை மட்டும் "எப்ப வேணா போகலாம்" என்று சொல்லிச் சொல்லிப் பதினைந்து வருஷம் தள்ளிப் போட்டிருந்தோம்.

காரில் யார் யார் இருந்தார்கள் என்பது இந்தக் கட்டுரைக்கு முக்கியம். ஓட்டியவன் ஹைதராபாத்காரன், அவனுக்கு வரலாறு, காவிரி எதிலும் அக்கறை கிடையாது, மதியம் எங்கே சாப்பாடு என்பதுதான் ஒரே கேள்வி. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் மண்டியாவைச் சேர்ந்தவன், அப்பா கரும்பு விவசாயி. பின்னால் என்னோடு இருந்தவன் கேஜிஎஃப் பையன். (படத்தில் வரும் கேஜிஎஃப் இல்லை, நிஜ ஊர்.) அவன் தாத்தா குடியாத்தம் பக்கத்தில் இருந்து தங்கச் சுரங்கத்துக்கு வேலைக்குப் போனவர். நான் மன்னார்குடி பக்கம். படித்தது எலக்ட்ரிக்கல், சோறு போடுவது ஜாவா.

ககனச்சுக்கி காட்சிமேடையில் நின்றபோது நல்ல தண்ணீர். எதிர்க்கரைப் பாறையில் பல கிளைகளாகப் பிரிந்து காவிரி விழுந்துகொண்டிருந்தது, பள்ளத்தாக்கு முழுக்கச் சாரல். எல்லோரும் செல்ஃபி எடுக்கும்போது கேஜிஎஃப் நண்பன் மட்டும் அருவியை விட்டுவிட்டுக் கீழே வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எங்க ஊருக்குக் கரண்டு இங்க இருந்துதான்டா வந்துச்சு. எங்க தாத்தா சொல்லுவார், சிவசமுத்திரம் லைன்னு. நான் ஏதோ பக்கத்து ஊர்னு நெனச்சிட்டு இருந்தேன்."

பக்கத்து ஊர் இல்லை. இந்த அருவியில் இருந்து கோலார் தங்கவயலுக்கு மின்கம்பி போன தூரம் 92 மைல், அதாவது சுமார் 147 கிலோமீட்டர். போட்ட வருஷம் 1902. அந்த ஒரு கம்பி எங்கெங்கே போய் முட்டியது என்று திரும்பி வந்த பிறகு இரண்டு மாதம் படித்துக்கொண்டிருந்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு சின்னத் திருத்தம். "ஆசியாவின் முதல் நீர்மின் நிலையம் சிவசமுத்திரம்" என்று வருஷத்துக்கு இரண்டு முறையாவது வாட்ஸப்பில் வரும். அது சரியில்லை. இந்தியாவிலேயே டார்ஜிலிங் பக்கத்தில் உள்ள சித்ராபோங் 1897இல் ஓடத் தொடங்கிவிட்டது. ஜப்பானில் கியோட்டோ நகரத்தின் கேயாகே நிலையம் அதற்கும் முன்னால், 1891. "உலகிலேயே நீளமான மின்தடம்" என்பதும் கொஞ்சம் மிகை. கலிபோர்னியாவில் கோல்கேட்டில் இருந்து ஓக்லாந்துக்கு 1901இலேயே 140 மைலுக்கு மேல் இழுத்துவிட்டார்கள். ஆனால் இந்தப் பட்டங்களைக் கழற்றிவிட்டுப் பார்த்தால்தான் நடந்தது எவ்வளவு பெரிய காரியம் என்று புரிகிறது. சித்ராபோங் ஒரு மலையூரின் விளக்குகளுக்காகக் கட்டிய சின்ன நிலையம். இங்கே செய்தது, ஒரு தொழிலையே 147 கிலோமீட்டர் தள்ளி நின்று ஓட்டுவது.

ஏன் அவ்வளவு தூரம்? தங்கம் இருந்தது மைசூர் ராஜ்ஜியத்தின் கிழக்கு மூலையில், அருவி இருந்தது தெற்கு மூலையில். சுரங்கங்களை நடத்தியது லண்டனின் ஜான் டெய்லர் கம்பெனி. அரைவை எந்திரம், காற்றழுத்தி எல்லாமே நீராவியில் ஓடின. மைசூரில் நிலக்கரி கிடையாது. வெளியே இருந்து ரயிலில் வர வேண்டும், இல்லாவிட்டால் காட்டை வெட்டி விறகாக எரிக்க வேண்டும். தங்கத்தில் மைசூர் அரசுக்கு ராயல்டி உண்டு. ஆகவே சுரங்கத்தின் செலவு குறைவதில் திவானுக்கும் அக்கறை இருந்தது.

அருவியில் இருந்து மின்சாரம் எடுக்கும் யோசனை 1890களில் பேச்சாக இருந்தது. அதைத் திட்டமாக மாற்றியவர் ராயல் இஞ்சினியர்ஸ் அதிகாரி ஜோலி த லோட்பினியர். கனடாக்காரர், மைசூரில் துணைத் தலைமைப் பொறியாளர். அவர் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போய், நயாகராவில் என்ன செய்திருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வந்தார். டர்பைன்கள் சூரிச் நகரத்தின் எஷர் வைஸ், மின் எந்திரங்கள் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக். கப்பலில் வந்த சாமான்களை இந்த மேட்டுக்கும் பள்ளத்துக்கும் கொண்டுவந்து சேர்த்தது யானைகளும் மாட்டு வண்டிகளும்.

35,000 வோல்ட். கல்லூரியில் படித்ததை இருபது வருஷம் கழித்து முதல்முறையாக ரசித்தது இந்த இடத்தில்தான். கம்பியில் வீணாகும் மின்சாரம், அதில் ஓடும் ஆம்பியரின் வர்க்கத்தைப் பொறுத்தது. வோல்ட்டைப் பத்து மடங்கு கூட்டினால் ஆம்பியர் பத்தில் ஒன்றாகும், இழப்பு நூறில் ஒன்றாகும். தேர்வில் இரண்டு மார்க் கேள்வி. 1902இல் அந்த இரண்டு மார்க்கை நம்பி ஒரு சமஸ்தானம் தன் கஜானாவைத் திறந்தது. அப்போது இங்கே வைத்த அலைவெண் நொடிக்கு 25 சுற்று. நாடு 50க்கு வந்தபோது 25இல் ஓடிக்கொண்டிருந்த பழைய எந்திரங்களை வைத்துக்கொண்டு என்ன பாடுபட்டிருப்பார்கள் என்று பழைய மென்பொருளோடு மாரடிக்கும் யாருக்கும் சொல்லத் தேவையில்லை.

1902 ஜூன் 30 அன்று கோலாருக்கு மின்சாரம் போனது. ஆரம்பத் திறன் 720 கிலோவாட் எந்திரங்கள் ஆறு. இன்று ஒரு பெரிய மென்பொருள் வளாகம் தின்னும் அளவுதான்! பெங்களூர் நகரத்துக்குத் தெருவிளக்கு 1905இல்தான் வந்தது. அதாவது தலைநகரத்துக்கு முன்னால் தங்கத்துக்கு.

திட்டத்தை முன்னின்று நடத்திய திவான் சர் கே. சேஷாத்ரி ஐயர் அதைப் பார்க்கவில்லை. பாலக்காட்டுப் பக்கத்துத் தமிழ்க் குடும்பத்தில் 1845இல் பிறந்தவர், சென்னையில் படித்தவர், 1883இல் இருந்து 18 வருஷம் திவான். 1901 செப்டம்பரில் இறந்துபோனார். பெங்களூரில் கப்பன் பூங்காவில் இருக்கும் சிவப்புக் கட்டட நூலகம் அவர் நினைவு மண்டபம்தான். சேஷாத்ரிபுரம் அவர் பெயர்தான். சிவசமுத்திரம் நிலையத்துக்கும் இப்போது அவர் பெயர். அருவிக்குப் பக்கத்தில் நிலையம் இருக்கும் குடியிருப்பை எல்லோரும் 'பிளஃப்' என்கிறார்கள். உள்ளே போக முன்அனுமதி வேண்டும், எங்களிடம் இல்லை. சரிவில் இறங்கும் தடித்த குழாய்களைத் தூரத்தில் இருந்து பார்த்ததோடு சரி.

பரச்சுக்கிக்குக் கிளம்பினோம். காவிரி இங்கே இரண்டாகப் பிரிந்து ஒரு தீவைச் சுற்றிக்கொண்டு விழுகிறது. இடப்பக்கக் கிளை ககனச்சுக்கி, வலப்பக்கக் கிளை பரச்சுக்கி. ஒன்றில் இருந்து இன்னொன்றுக்குச் சாலையில் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். வழியில், கல்தூண்களை ஆற்றுப் பாறையில் ஊன்றிக் கட்டிய பழைய பாலம். சில வருஷங்களுக்கு முன் வந்த வெள்ளத்தில் ஒரு பகுதி போய்விட்டது. இந்தத் தீவுக்கு இப்படிப் பாலங்கள் அமைத்தவர் ராமசாமி முதலியார் என்பவர். மைசூர் ரெசிடெண்டிடம் வேலை பார்த்தவர். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், காடு மண்டிக் கிடந்த தீவில் பாலம், கோயில், சத்திரம் என்று திரும்பக் கட்டி எழுப்பினார். ஒரு பாலத்துக்கு அன்றைய சென்னை கவர்னர் லஷிங்டன் பெயரை வைத்தார். அதற்குப் பலனாக 'ஜனோபகார காமகர்த்தா' என்ற பட்டமும் ஜாகீரும் கிடைத்தன.

மைசூர் ஊரில் இருந்த ஆள் ஏன் சென்னை கவர்னர் பெயரை வைக்க வேண்டும்? அங்கேதான் விஷயம். ஆற்றின் இடக்கரை மைசூர். ஆனால் கொள்ளேகால் தாலுகா 1956 வரை சென்னை மாகாணத்தின் கோயம்புத்தூர் மாவட்டம். ஆமாம், கோயம்புத்தூர் மாவட்டம். இந்தத் தீவும் அதில்தான் இருந்தது.

இதைப் படிக்கட்டில் இறங்கும்போது சொன்னேன். மண்டியா நண்பன் நின்றுவிட்டான்.

"அப்போ பரச்சுக்கி உங்களுதா?"

"அம்பத்தாறு வரைக்கும், மச்சா."

"இதை மட்டும் எங்க ஊர்ல வந்து சொல்லிடாத."

சிரித்தோம். ஆனால் எங்கள் நட்பில் இது முழுக்கச் சிரிப்பாக இருந்ததில்லை. 2016 செப்டம்பரில் பெங்களூரில் தமிழ்நாட்டு நம்பர் பிளேட் வண்டிகளைக் கொளுத்திய அன்று, என் காரைத் தன் வீட்டு வளாகத்துக்குள் நிறுத்தச் சொன்னவன் இவன்தான். அதே வாரம் காவிரி பற்றி ஏதோ சொல்லப் போய் இரண்டு மாதம் என்னோடு பேசாமல் இருந்தவனும் இவன்தான்.

இந்தச் சண்டையின் வேர் எங்கே என்று கேட்டால் எல்லோரும் 1892, 1924 ஒப்பந்தங்களைச் சொல்வார்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த இரண்டுக்கும் நடுவில் இந்த அருவி இருக்கிறது என்பது எனக்குப் புதுசு.

1892 பிப்ரவரி 18 ஒப்பந்தத்தின் சாரம் இது: பட்டியலில் உள்ள ஆறுகளில் சென்னை மாகாணத்தின் முன்அனுமதி இல்லாமல் மைசூர் புதிய பாசன அணை கட்டக்கூடாது. சிவசமுத்திரம் நிலையம் இதில் சிக்கவில்லை. காரணம் எளிது. அது தண்ணீரைக் குடிப்பதில்லை. மேலே ஒரு தடுப்பு, ஒரு கால்வாய், குழாய், டர்பைன். கீழே அதே தண்ணீர் அதே ஆற்றில் விழுந்துவிடும். தஞ்சாவூருக்கு ஒரு குடம் குறையாது.

ஆனால் சேமிப்பு என்று எதுவும் இல்லாத அமைப்பு அது. ஆறு ஓடும்போது மின்சாரம் ஓடும். ஆகஸ்டில் நாங்கள் பார்த்த தண்ணீரை மார்ச்சில் பார்க்க முடியாது. வரும் கொஞ்ச நீரும் கால்வாய்க்குள் போய்விடும், அருவி வெறும் பாறையாக நிற்கும். தங்கச் சுரங்கத்துக்கோ கோடை, மழை என்று வித்தியாசம் கிடையாது. இரவும் பகலும் எந்திரம் ஓட வேண்டும். முதல் வருஷங்களிலேயே சுரங்கக் கம்பெனிகள் இன்னும் மின்சாரம் கேட்டன; நிலையத்தை அடுத்தடுத்து விரிவாக்கினார்கள். டர்பைனை எத்தனை வேண்டுமானாலும் வாங்கலாம். கோடைக் காவிரியை வாங்க முடியாது.

1909இல் மைசூரின் தலைமைப் பொறியாளராக வந்த விஸ்வேஸ்வரய்யாவின் மேஜையில் இருந்த பிரச்சினை இதுதான். அவர் சொன்ன விடை, மழைக்கால வெள்ளத்தை மேலேயே பிடித்து வைத்து வருஷம் முழுக்கச் சீராகத் திறந்துவிடுவது. இடம், ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு மேலே கண்ணம்பாடி. அதுதான் இன்றைய கிருஷ்ணராஜ சாகர். பிருந்தாவன் தோட்டத்துக்குச் சுற்றுலா போன எல்லோருக்கும் தெரிந்த அணை. அது முதலில் எதற்காக என்று கேட்டால் 'பாசனத்துக்கு' என்று சொல்லத் தோன்றும். பாசனமும் திட்டத்தில் இருந்தது. ஆனால் முதல் கட்டத்தின் அவசரம், சிவசமுத்திரத்தில் டர்பைன் நிற்காமல் சுற்ற வேண்டும், கோலாருக்குக் கொடுத்த வாக்கு தவறக்கூடாது என்பது.

இங்கேதான் விவகாரம் மாறுகிறது. அருவி தண்ணீரைக் குடிப்பதில்லை. அணையும் மின்சாரத்துக்கு மட்டும் என்றால் குடிப்பதில்லை. ஆனால் அது தண்ணீர் வரும் நாளை மாற்றுகிறது. ஜூனில் வர வேண்டிய வெள்ளத்தைப் பிடித்து அடுத்த மார்ச்சில் விட்டால் கணக்கில் மொத்தம் ஒன்றுதான். குறுவைக்கு நாற்றங்கால் விட்டவனுக்கு அது ஒன்றல்ல. மன்னார்குடியில் என் அப்பாவுக்கு இதை ஒரு வரியில் சொன்னேன். "மார்ச்சுல வந்து என்னத்துக்கு, மாடு குளிக்கவா?" என்றார்.

சென்னை மாகாணம் தயங்கியது. அதற்கும் மேட்டூரில் அணை கட்டும் திட்டம் இருந்தது. கடைசியில் 11 டி.எம்.சி. கொள்ளளவுக்கு மட்டும் சம்மதித்தது. 1911இல் வேலை தொடங்கிய மைசூர், அஸ்திவாரத்தைப் பெரிய அணைக்குத் தகுந்த மாதிரியே போட்டது. நான் ஒரு தமிழன், அதுவும் டெல்டாக்காரன். இதைப் படித்தபோது கோபம்தான் வந்தது. பொறியாளனாகப் பார்த்தால், பின்னால் உயர்த்தப் போகிற அணைக்குச் சின்ன அஸ்திவாரம் போடுகிறவன் முட்டாள். இரண்டும் ஒரே மண்டைக்குள் இருப்பது வசதியாக இல்லை.

தகராறு நடுவரிடம் போனது. அலகாபாத் உயர்நீதிமன்ற நீதிபதி கிரிஃபின் 1914இல் கொடுத்த தீர்ப்பு மைசூருக்குச் சாதகமாக இருந்தது. இந்திய அரசு அதை 1916இல் ஏற்றது. சென்னை விடாமல் லண்டனுக்கு மேல்முறையீடு செய்தது. இந்தியா மந்திரி 1919இல் அதை நிறுத்தி வைத்தார். மறுபடி பேச்சு. கடைசியில் 1924 பிப்ரவரி 18 அன்று கையெழுத்து. அதே பிப்ரவரி 18, முப்பத்திரண்டு வருஷம் கழித்து. கண்ணம்பாடிக்கு 44.8 டி.எம்.சி., மேட்டூருக்கு 93.5 டி.எம்.சி. முக்கொம்பில் தண்ணீர் எந்த அளவு நிற்கிறது என்று பார்த்துத்தான் கண்ணம்பாடியில் பிடித்து வைக்கலாம் என்று விதிகள் வந்தன. மேட்டூர் அணை 1934இல் முடிந்தது. நாங்கள் ஜூன் 12 என்று காலண்டரில் சுழித்து வைக்கும் அந்த அணைக்கு மைசூரின் சம்மதம், கண்ணம்பாடி வழக்கு முடிந்ததில் கிடைத்தது. இதை ஊரில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

பரச்சுக்கியில் பரிசல் வரிசை நீளம். மண்டியாக்காரன் ஈரப் பாறையில் உட்கார்ந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டே சோளம் தின்றான். அப்புறம் சொன்னான்.

"எங்க தாத்தா காலத்துல எங்க ஊர்ல ராகி மட்டும்தான். அணை வந்து, இர்வின் கால்வாய் வந்து, அப்புறம்தான் நெல்லு, கரும்பு, சர்க்கரை ஆலை எல்லாம். இப்ப அதை விஸ்வேஸ்வரய்யா கால்வாய்னு சொல்றோம். கோலார் தங்கத்துக்காகக் கட்டுனதுன்னா, கோலார்காரனுக்கு நாங்கதான் நன்றி சொல்லணும்."

கேஜிஎஃப் நண்பன் உடனே பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, அவன் தாத்தா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் இறங்கியதைச் சொன்னான். மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போன சுரங்கம் அது. மேலே மழைக்காலம், கீழே பாறையே சுடும். அழுத்தம் தாங்காமல் பாறை வெடிக்கும், அதற்கு ஊரில் 'பர்ஸ்ட்' என்று ஒரே வார்த்தை. ராத்திரி தரை அதிர்ந்தால் பெண்கள் வாசலுக்கு ஓடி வருவார்களாம், யார் ஷிஃப்டில் யார் வீட்டு ஆள் என்று கேட்டபடி. வட ஆர்க்காட்டில் இருந்தும் சித்தூர்ப் பக்கம் இருந்தும் போனவர்கள்தான் அங்கே பெரும்பாலானோர், அதிலும் பெரும்பகுதி நிலம் இல்லாத தலித் குடும்பங்கள். ஊரில் பண்ணை வேலைக்குக் கைகட்டி நிற்பதை விடப் பாதாளம் மேல் என்று போனவர்கள்.

"சிவசமுத்திரம் லைன் வந்துச்சுன்னு சொன்னேன்ல? அது மில்லுக்கு, வெள்ளைக்காரன் பங்களாவுக்கு. எங்க தாத்தா இருந்த தட்டி வீட்டுல மண்ணெண்ணெய் விளக்குதான். எங்க அப்பா அதுலதான் படிச்சார்."

சுரங்கத்தை 2001 பிப்ரவரி கடைசியில் மூடினார்கள். அவன் அப்போது கல்லூரியில். இப்போது ஊரில் இருந்து தினமும் ரயில் ஏறி ஆயிரக்கணக்கானோர் பெங்களூருக்கு வேலைக்கு வந்து போகிறார்கள். அவன் தம்பியும் ஒருவன். தங்கம் இல்லை, கண்ணம்பாடி இருக்கிறது, மேட்டூர் இருக்கிறது, வழக்கு நடுவர் மன்றம் வரை போய் 2018இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரை வந்து இன்னும் பேசப்படுகிறது. யாருடைய மின்சாரத்துக்காக இதெல்லாம் தொடங்கியதோ அந்தச் சுரங்கத்தின் வாய் பூட்டிக் கிடக்கிறது.

தீவில் ரங்கநாதர் கோயிலுக்குப் போனோம். ஸ்ரீரங்கப்பட்டணம் ஆதிரங்கம், இது மத்தியரங்கம், ஸ்ரீரங்கம் அந்தியரங்கம். மூன்றுமே காவிரித் தீவுகள். ஹைதராபாத்காரன் மணி மூன்றாகிவிட்டது என்று வாசலில் இருந்து சத்தம் போட்டான். மத்தூர் போய் வடை சாப்பிடலாம் என்று சமாதானம் செய்தோம்.

காரில் ஏறும்போது அப்பாவுக்கு அருவி வீடியோ அனுப்பினேன். ஐந்து நிமிஷத்தில் போன் வந்தது. அழகாக இருக்கிறது என்றோ, சூதானமாக இருங்கள் என்றோ சொல்லவில்லை.

"ரெண்டு பக்கமும் இப்படித்தான் வருதா?"

"ஆமாம்ப்பா. ரெண்டு பக்கமும் நல்ல தண்ணி."

"அப்ப ரெண்டு மூணு நாள்ல மேட்டூருக்கு வந்துடும்" என்றார். பின்னால் அம்மாவிடம் ஏதோ சொல்வது கேட்டது, போனை வைத்துவிட்டார்.

முன் சீட்டில் மண்டியாக்காரனும் தன் அப்பாவிடம் பேசிக்கொண்டிருந்தான். எனக்குத் தெரிந்த அரைகுறைக் கன்னடத்தில் ஒரு கேள்வி மட்டும் புரிந்தது. கால்வாயில் தண்ணீர் விட்டாச்சா என்று கேட்டுக்கொண்டிருந்தான்.